புகையில முப்பத்தாறு வருஷம்

கொஞ்சம் எந்திரிங்க தம்பி, நான் ஜன்னலோரம் போயிக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு ஜன்னல் வேடிக்கை பாக்க, எனக்கு மூச்சு விட. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க. ம்... நல்ல பிள்ளை. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். காதுல மாட்டியிருக்கறதக் கழட்டிருங்க, நான் பேசுவேன்.

சும்மா பேசல. மதுரையில இன்னைக்கு நெஞ்சு டாக்டருங்க கூட்டம். என்னையும் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்களாம். இந்தக் கதைய அஞ்சு நிமிஷத்துல எப்படிச் சொல்றது? உங்ககிட்ட முழுசாச் சொல்லிப் பாத்துட்டா, அங்க சுருக்கிக்கலாம்.

எங்க ஊர் பேரக் கேக்காதீங்க. அந்த ஆஸ்பத்திரியிலயும் கலெக்டர் ஆபீசுலயும் எனக்கு இன்னும் வேலை இருக்கு.

என் பேரு பொன்னழகு. கல்யாணச் சமையல். பத்தொம்போது வயசுல எங்க மாமியா கூட வெங்காயம் உரிக்கப் போனேன், அம்பத்தஞ்சு வயசுல கரண்டியக் கீழ வச்சேன். எல்லாம் விறகடுப்பு. ஆயிரம் பேர் பந்தின்னா எட்டு அடுப்பு. ஈர விறக எறக்கிப் போட்டுட்டு, பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சுக்கிட்டு இருப்பாங்க. நான் பின்னாடி ஊதாங்குழல வச்சுக்கிட்டு ஊதிக்கிட்டே கெடப்பேன். பீடி தெரியாது, சிகரெட்டு தெரியாது. வெத்தலை போட்டாக்கூட போயிலை சேக்க மாட்டேன். அப்படியாப்பட்ட என்மேல ஒரு பழி விழுந்துச்சு பாருங்க.

மூச்சு வாங்குதுன்னு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அரசாங்கத்துக் காப்பீட்டு அட்டை இருக்கு எங்கிட்ட. அதப் பதியிற எடத்துல மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு எழுத்தரு, தலைய நிமிராமக் கேக்குறாரு, "பழக்கம் ஏதும் உண்டா?"ன்னு. என் தொழிலத்தான் கேக்குறாருன்னு நெனச்சு, "முப்பத்தாறு வருஷமா புகையிலதான் சார் கெடந்தேன்"னு சொன்னேன். அவரும் உச்சுக் கொட்டிக்கிட்டே எழுதினாரு. ஐயோ பாவம், எரக்கப்படுறாருன்னு நானும் நெனச்சேன்.

அவரு என்ன எழுதினாருன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. "புகையிலைப் பழக்கம்: உண்டு. முப்பத்தாறு வருடம்."

தம்பி, சிரிக்காதீங்க. நான் போயிலைன்னு சொல்லியிருந்தா எழுதட்டும். புகையிலன்னுல்ல சொன்னேன். அடுப்புப் புகையில!

அதப் படிச்சுச் சொன்னது நஸ்ரின் டீச்சர். டீச்சர்னா பள்ளிக்கூட டீச்சர் இல்ல. பிசியோதெரபி படிச்ச பொண்ணு. ஒரு டிரஸ்ட்டு ஒரு வருஷத்துக்குச் சம்பளம் குடுத்து எங்க ஆஸ்பத்திரியில அத ஒக்கார வச்சிருந்துச்சு. நுரையீரல் கெட்டுப் போனவங்களுக்கு மருந்து மட்டும் பத்தாதாம், நடந்து பழகணும், மூச்சு விட்டுப் பழகணும். அதுக்கு ஒரு வகுப்பு. நாங்க மூச்சு வகுப்புன்னு சொல்லுவோம். வாரம் ரெண்டு நாள்.

மொத நாள் எனக்குக் கோவந்தான் வந்துச்சு. எனக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுக்க இருவத்தாறு வயசுப் பொண்ணா? அது என்னமோ பூவ மோந்து பாக்குற மாதிரி இழுங்க, மெழுகுவர்த்தி அணையாம ஊதுற மாதிரி விடுங்கன்னுச்சு. "கொதிக்கிற பாயசத்த ருசி பாக்கறதுக்கு முன்னாடி ஊதுவோமே, அப்படியா?"ன்னேன். "ஆமாம்மா, அதேதான்"னுச்சு. அப்புறம் எல்லாருக்கும் பாயசம்னுதான் சொல்லிக் குடுத்துச்சு. பாதி வகுப்ப நான்தான் நடத்தினேன்னு வச்சுக்கங்களேன். ஒருத்தரையும் அதட்ட மாட்டேன், நம்ம கொணம் அப்படி. சொல்றதச் சொல்லுவேன், கேக்காட்டி மறுபடி சொல்லுவேன், அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்து நாற்காலி சேதுராமலிங்கம் அண்ணன். சினிமாக் கொட்டகையில டிக்கெட்டுக் கிழிச்சவரு. வீட்டுக்காரம்மா தவறி ரொம்ப வருஷமாச்சு. என் தாள டீச்சர் படிச்சதும் இந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! சிரிச்சு, இருமி, தண்ணி குடிச்சு, மறுபடி சிரிச்சாரு. அவரு தாள்ல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? "புகைப்பழக்கம்: இல்லை." பதினாலு வயசுலேர்ந்து பீடி. கொட்டகையில படம் தெரியுதோ இல்லையோ, இவரு விடுற புகை தெரியும். "எழுத்தரு கேட்டப்போ, 'இப்ப இல்ல சார்'னேன். கையில இல்லைன்னு அர்த்தத்துல சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு, நான் என்ன பண்றது?"ன்னாரு. அவரு உத்தமரு, நான் போயிலைக்காரி. எப்படி இருக்கு நியாயம்?

இன்னொருத்தி அமலி. அமலோற்பவம்னு முழுப் பேரு. முப்பத்தெட்டு வயசு. டி.பி. வந்து, மாத்திரை தின்னு, சரியாயிருச்சு. ஆனா நுரையீரல்ல பாதி வடுவாப் போச்சு. தையல் தைக்கிறவ. மிஷினு மிதிச்சா மூச்சு வாங்கும், நிறுத்தினா வயித்துக்கு இல்ல. வகுப்புக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் மட்டும் தீவிர சிகிச்சையில நாலு தடவை கெடந்தா. மொத நாள் ஆறு நிமிஷ நடை வச்சாங்க. அதாவது ஆறு நிமிஷத்துல எம்புட்டுத் தூரம் நடக்குறோம்னு அளக்கறது. அமலி நூத்தி நாப்பது மீட்டர். நடுவுல மூணு தடவை செவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. எட்டு மாசத்துல முந்நூறு மீட்டருக்கு வந்துட்டா. அந்த வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தா, ஆனா படுக்கல. நடக்கத்தான் வந்தா.

நான் எம்புட்டு நடந்தேன்னு கேக்குறீங்களா? அத விடுங்க. நான் சும்மா அவங்களுக்குத் தொணைக்குப் போனவ.

ஆடி மாசம் டிரஸ்ட்டுக்காரங்க வருஷம் முடிஞ்சதுன்னு கெளம்பிட்டாங்க. வகுப்பு மூடியாச்சு. டீச்சர் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருச்சு. ஏன் மூடணும், அட்டை இருக்கே, அட்டையில போடுங்கன்னு பெரிய டாக்டருகிட்ட நான் கேட்டேன். அவரு நல்ல மனுசன். "அம்மா, காப்பீட்டுப் பட்டியல்ல எதெதுக்குப் பணம்னு எண் போட்டு இருக்கும். படுக்கைக்கு எண் இருக்கு. ஆக்சிஜனுக்கு எண் இருக்கு. மூச்சு மிஷினுக்கு இருக்கு. நடக்க வைக்கறதுக்கு எண் இல்ல"ன்னாரு. "அப்ப படுத்தா உண்டு, நடந்தா இல்லையா?"ன்னேன். அவரு பேனாவத் தொறந்தாரு, மூடினாரு.

ஐப்பசி மழை தொடங்குச்சு. அமலி மறுபடி தீவிர சிகிச்சைக் கண்ணாடிக் கதவுக்குள்ள. மூஞ்சியில மாஸ்க்கு மாட்டிக்கிட்டு. ஒரு நாள் பாக்கப் போனேன். பேச முடியல அவளுக்கு. கைய மட்டும் ஆட்டுனா. விரல்ல ரெண்டக் காட்டுனா. என்னன்னு புரியல. நர்ஸம்மா சொன்னாங்க, அவ பிள்ளைகள் ரெண்டும் சாப்பிட்டுச்சான்னு கேக்குறாளாம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. அஜீரணம்.

அப்பத்தான் மனு குடுக்கறதுன்னு முடிவு பண்ணினேன். எனக்காக இல்ல தம்பி. என் பேருல இருக்கற போயிலைய அழிக்கணும், அது ஒண்ணு. கூடவே வகுப்பப் பத்தியும் ரெண்டு வரி போட்டுருவோம்னு. டீச்சரப் புடிச்சு எழுதச் சொன்னேன். அது என்ன பண்ணுச்சு, வகுப்ப மேல போட்டுட்டு போயிலையக் கடைசியில போட்டுருச்சு. "ஏத்தா, மாத்தி எழுதியிருக்க"ன்னேன். "அம்மா, போயிலைய மொதல்ல வச்சா அதோட நிறுத்திருவாங்க"ன்னுச்சு. சின்னப் பிள்ளை, அனுபவம் இல்ல, சரி போகட்டும்னு விட்டுட்டேன்.

திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீசு. நான், சேது அண்ணன், வகுப்புல இருந்த இன்னும் மூணு பேரு, மொத்தம் அஞ்சு. டீச்சர் லீவு போட்டுட்டு வந்துச்சு. கீழ கூட்டத்துல மனுவக் குடுத்தோம். கலெக்டர் வாங்கி, படிச்சு, "காப்பீட்டு அலுவலர், உரிய நடவடிக்கை"ன்னு எழுதிக் குடுத்தாங்க. காப்பீட்டு அலுவலர் குணசீலன் சாரு, ரெண்டாவது மாடி.

லிஃப்ட்டு இருந்துச்சு. நல்லாத்தான் ஓடிச்சு. பொய் சொல்லக் கூடாதுல்ல. நான்தான் "எனக்கு லிஃப்ட்டுன்னா தலை சுத்தும், படியில வர்றேன்"னேன். டீச்சரு மனுவோட நாலு காகிதத்தையும் தூக்கிக்கிட்டு லிஃப்ட்டுல ஏறிருச்சு, மத்தவங்களும் பின்னாடி ஏறுவாங்கன்னு. கதவு மூடுற நேரம் பாத்து நான் மத்த நாலு பேருக்கும் கண்ணக் காட்டினேன்.

ஏன்னா, குணசீலன் சாரு காலையில பதினோரு மணிக்கு டீக்குடிக்கக் கீழ வருவாரு. படியிலதான் வருவாரு, ஒடம்பு கொறையணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம். இதெல்லாம் நான் வேணும்னு விசாரிக்கல. கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில பேச்சுவாக்குல காதுல விழுந்துச்சு. மூணு நாள் போயி உக்காந்திருந்தேன், காதுல விழுந்துச்சு.

பதினோரு மணி அடிக்க அஞ்சு நிமிஷம். ஏற ஆரம்பிச்சோம். அஞ்சு பேரும் வரிசையா இல்ல, பக்கத்துல பக்கத்துல. இந்தக் கைப்பிடிய ரெண்டு பேரு, அந்தக் கைப்பிடிய ரெண்டு பேரு, நடுவுல நான். ஆறு படி ஏறு, நில்லு, பாயசம் ஊது. ஆறு படி ஏறு, நில்லு, ஊது. டீச்சர் சொல்லிக் குடுத்த மொறை, ஒரு எழுத்து மாத்தல. எங்களுக்குப் பின்னாடி ஒரு கூட்டம் சேந்துபோச்சு, கட்டு கட்டா ஃபைலு வச்சுக்கிட்டு. "வழி விடுங்கம்மா"ன்னு ஒருத்தரு. "விடுறோம்யா... மூச்சு... விட்டுட்டு... வழி... விடுறோம்"னாரு சேது அண்ணன். எனக்குச் சிரிப்பு. சிரிச்சா மூச்சு போயிரும்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

மொத மாடி தாண்டி, திரும்புற எடத்துல பாத்தா, மேலேர்ந்து குணசீலன் சாரு எறங்கி வர்றாரு. நல்ல வாட்டசாட்டமான மனுசன், சட்டைப் பையில ரெண்டு பேனா. எங்களப் பாத்து நின்னாரு. எறங்கவும் முடியல, திரும்பவும் மனசில்ல, டீ நேரம் பாருங்க.

"என்னம்மா, மாநாடா?"ன்னாரு.

"மனு... சார்... உங்களுக்கு... தான்... சார்"னு அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு வார்த்தை.

"லிஃப்ட்டு இருக்கே!"

"நடந்தாத்தான்... நல்லதுன்னு... சொல்லிக் குடுத்தாங்க... சார். இப்ப... சொல்லிக் குடுக்க... ஆள் இல்ல... சார்."

இது சொல்ல வேண்டியது சேது அண்ணன். முந்தின நாள் அவருக்கு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அருமையாச் சொன்னாரு. கொட்டகைக்காரருல்ல.

அடுத்தது என் வேலை. நான் மயங்கி விழணும்.

நல்லாக் கேட்டுக்கங்க தம்பி, இது நடிப்பு. நாலு பேரு இன்னைக்கும் நம்ப மாட்டேங்குறாங்க, அதான் அழுத்திச் சொல்றேன். முப்பத்தோராவது படியில ஆரம்பிக்கணும்னு கணக்கு. முப்பதாவது படியிலேயே வந்துருச்சு. வந்துருச்சுன்னா, நடிப்பு வந்துருச்சு. மொதல்ல கை ஜில்லுன்னு ஆச்சு. அப்புறம் செவத்துல மஞ்சப் பெயிண்டு அடிச்சிருந்தாங்க, அது மெல்லச் சாம்பலாப் போச்சு. காதுக்குள்ள எண்ணெய் காயுற மாதிரி ஒரு எரைச்சல். சரி, நல்லா நடிக்கிறோம்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டே உக்காந்தேன். உக்காந்தவ சாஞ்சேன்.

மேல யாரையும் காணோம்னு டீச்சர் எறங்கி ஓடி வந்துச்சு. ரத்தத்துல ஆக்சிஜன் எம்புட்டுன்னு காட்டுற கிளிப்ப என் விரல்ல மாட்டுச்சு. எவ்வளவு காட்டுச்சுங்கறீங்க? எழுபத்தொம்போது! தொண்ணூத்தஞ்சு இருக்க வேண்டிய எடத்துல எழுபத்தொம்போது. மனுசங்கள ஏமாத்துறது பெருசில்ல தம்பி, நான் மிஷினையே ஏமாத்திட்டேன்.

கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குணசீலன் சாரு படியிலேயே உக்காந்துட்டாரு. டீச்சர் கையில இருந்த எங்க மனுவ வாங்கி, அத வச்சே எனக்கு விசிறினாரு. "ஆம்புலன்ஸக் கூப்பிடு, ஆம்புலன்ஸக் கூப்பிடு"ன்னு கத்தினாரு. இந்தப் பக்கம் சேது அண்ணன். "பொன்னழகு... பொன்னழகு... கண்ணத் தொற புள்ள"ன்னு அழுகுறாரு. அதுவரைக்கும் "சமையல்காரம்மா"ன்னுதான் கூப்பிடுவாரு. நாலு பேரு முன்னாடி பேரச் சொல்லிக் கூப்பிடலாமா ஒரு மனுசன்? அதுவும் புள்ளன்னு? எந்திரிச்சு நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்துச்சு. ஆனா நடிக்கிறப்போ கண்ணத் தொறக்கக் கூடாதுல்ல. தொறக்கல. ரொம்ப நேரம் தொறக்கல.

ஆஸ்பத்திரிக்காரங்களும் நம்பிட்டாங்க. நாலு நாள் படுக்க வச்சாங்க. ஆக்சிஜன், ஊசி, எல்லாம். நானும் எதுத்துப் பேசல, ஆரம்பிச்சதப் பாதியில விட்டா மரியாதை இல்ல பாருங்க. மொத நாள் என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. தூங்கியிருப்பேன்.

மூணாம் நாள் குணசீலன் சாரு வார்டுக்கே வந்தாரு. கையில ஆப்பிளு. பக்கத்துல உக்காந்து, "அம்மா, உங்க நாலு நாள் படுக்கைக்கு அரை மணி நேரத்துல அனுமதி போட்டுட்டேன்"ன்னாரு, பெருமையா.

"நடக்கறதுக்கு?"ன்னேன்.

"அதுக்கு எண் இல்லம்மா. எண் இல்லாம நான் கையெழுத்துப் போட்டா, அடுத்த மாசம் என்னை நடக்க விட்டுருவாங்க."

"அப்ப நான் போயிலை போடுறவ இல்லன்னாவது போட முடியுமா?"

அது முடியும்னாரு. ஃபோன்லயே தொறந்து பாத்தாரு. "இல்லை"ன்னு மாத்திட்டேன்னாரு. எனக்குத் திடீர்னு பொறுக்கல. "இல்லைன்னா, அந்த முப்பத்தாறு வருஷம் எங்க சார் போச்சு? நான் என்ன சும்மாவா மூச்சத் தொலைச்சேன்?"னேன். அவரு பாத்தாரு. கம்ப்யூட்டர்ல உண்டு, இல்லை, ரெண்டுதான் இருக்காம். அப்புறம் என் கேஸ் தாள எடுத்து, ஓரத்துல கையாலேயே எழுதினாரு, "விறகு அடுப்புப் புகை, முப்பத்தாறு வருடம்"னு. கையெழுத்தும் போட்டாரு. அந்த எழுத்து எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. சாஞ்சு சாஞ்சு, அழகா இருந்துச்சு.

அந்த நேரத்துல கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட மணி அடிச்சுச்சு. மிஷினு மணி. நர்ஸு ரெண்டு பேரு ஓடினாங்க. அமலி. என்னைப் பாக்க வந்திருந்த டீச்சர் எந்திரிச்சு அந்தக் கதவுகிட்ட போயி நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல மணி நின்னுச்சு. நர்ஸம்மா வெளிய வந்து, தலைய அசைச்சாங்க, பரவாயில்லைன்னு.

"யாரு அது?"ன்னாரு சாரு.

டீச்சர் பையிலேர்ந்து ஒரு நோட்ட எடுத்துச்சு. வகுப்பு நோட்டு. யாரு என்னைக்கு வந்தாங்க, எம்புட்டு நடந்தாங்க, எல்லாம் அதுல இருக்கு. அமலியோட அட்டை எண்ணச் சொல்லுச்சு. சாரு ஃபோன்ல தட்டினாரு. ஒண்ணு ரெண்டுன்னு விரல் விட்டாரு. அஞ்சு தடவை தீவிர சிகிச்சைக்கு அனுமதி. அஞ்சும் அவரு போட்டது. வகுப்பு இருந்ததுக்கு முன்னாடி நாலு, இப்ப ஒண்ணு.

"நடுவுல ஒரு வருஷம் ஒண்ணுமே இல்லையே. வேற ஊருக்குப் போயிருந்தாங்களா?"ன்னு கேட்டாரு.

"இல்ல சார். இங்கதான் நடந்துக்கிட்டு இருந்தாங்க"ன்னுச்சு டீச்சர்.

சாரு நோட்ட வாங்கிட்டாரு. ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாரு. நான் பேசல. நம்பித்தான் ஆகணும் நீங்க, நான் பேசல. அப்புறம், "இத நான் எடுத்துட்டுப் போகலாமா?"ன்னாரு. போறப்போ ஆப்பிளக் குடுக்க மறந்து கையோட கொண்டு போயிட்டாரு. திரும்பி வந்து வச்சுட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் எட்டு மாசம். அவரு மேல எழுதினாரு. மேலேர்ந்து கேள்வி வந்துச்சு. பதில் எழுதினாரு. மறுபடி கேள்வி. "நடப்பது எப்படி சிகிச்சையாகும்?"னு ஒரு கேள்வியாம். சாரு ஃபோன் பண்ணி எங்கிட்ட படிச்சுக் காட்டுனாரு. "கேட்டவங்களப் படியில வரச் சொல்லுங்க"ன்னேன். பெரிய டாக்டரு வேற விதமா எழுதிக் குடுத்தாரு. அதைத்தான் அனுப்பினாங்க.

சேது அண்ணன் அந்த எட்டு மாசமும் வாரம் ரெண்டு நாள் எங்க வீட்டு வாசலுக்கு வந்து, "வகுப்பு நாள், நடப்போமா?"ன்னு நிப்பாரு. எதுக்கு வர்றாருன்னு தெரியல, ஒரு வேளை எங்க தெருதான் நடக்கத் தோதா இருக்கும்போல. பீடிய வேற விட்டுட்டாரு, அந்தப் படி நாள்லேர்ந்து. வெலை ஏறிப்போச்சுன்னு நெனைக்கிறேன்.

போன ஆனியில உத்தரவு வந்துச்சு. எங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும். ஒரு வருஷத்துக்கு, சோதனையா. வாரம் ரெண்டு நாள், எட்டு வாரம், ஒரு ஆளுக்கு. போன வருஷம் ஒரு தடவையாவது மூச்சுக்காகப் படுத்திருக்கணும்னு ஒரு விதி. நான் நடிச்சதுல நாலு நாள் படுத்தேன் பாத்தீங்களா, அதுல எனக்கும் தகுதி வந்துருச்சு. இதெல்லாம் முன்னாடியே யோசிச்சவ நானு. இல்ல... யோசிக்கல. ஆனா யோசிச்சிருப்பேன்.

இன்னொரு விதி கேளுங்க. பணம் குடுக்கணும்னா அட்மிஷன் போடணும். அட்மிஷன்னா நோயாளி படுக்கையில படுத்திருக்கற மாதிரி ஒரு ஃபோட்டோ வேணும். நடக்கற வகுப்புக்குப் படுக்கையில ஃபோட்டோ! மொத நாள் எங்க கூத்தப் பாக்கணும் நீங்க. பத்தொம்போது பேரு, கட்டில் ரெண்டு. படு, கைரேகை வை, ஃபோட்டோ எடு, எந்திரி. அடுத்த ஆளு. நான் கட்டில் பக்கத்துல நின்னு, "ம், படுங்க, நெளியாதீங்க, சிரிக்காதீங்க, நோயாளி மாதிரி இருங்க, ம், எந்திரிங்க"ன்னு பந்தி பரிமாறுற மாதிரி அனுப்பிவிட்டேன். ஒருத்தரு நெசமாவே தூங்கிட்டாரு. குணசீலன் சாரு தொடங்கி வைக்க வந்தவரு, ஓரமா நின்னு கண்ணத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. சிரிச்சுத்தான்னு நெனைக்கிறேன். இந்த விதிய மாத்தச் சொல்லி அடுத்த கடுதாசி போட்டிருக்காரு. அதோட மத்த ஊரு ஆஸ்பத்திரிக்கும் வகுப்பு வேணும்னு. அதுக்குத்தான் இன்னைக்கு மதுரையில கூட்டம்.

டீச்சர் திரும்பி வந்துருச்சு. தனியார்ல குடுத்ததவிடக் கம்மிதான் இங்க. ஏன்த்தா வந்தன்னு கேட்டேன். "அங்க பாயசம்னு சொன்னா யாருக்கும் புரியல"ன்னுச்சு.

அமலியா? அமலி ஆவணியில வகுப்புல சேந்தா. தூக்கிட்டு வந்த மாதிரி வந்தா. மொத ஆறு நிமிஷ நடையில தொண்ணூறு மீட்டர். முந்தி இருந்ததவிடக் கொறைஞ்சு போச்சு. நோட்டுல அத எழுதறப்போ டீச்சர் கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. அமலி பாத்துட்டு, "எழுதுங்க டீச்சர், உள்ளதத்தானே எழுதணும்"னா. அப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்தா. அந்தா இந்தான்னு எட்டு வாரம் முடிஞ்சுச்சு.

போன புதன்கிழமை சாயங்காலம் ஃபோன் பண்ணினா. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

"அக்கா."

"சொல்லுடி."

"மாடியில நிக்கிறேன்."

"யாரு மாடியில?"

"எங்க வீட்டு மாடியிலதான்க்கா. துணி எடுக்க வந்தேன். பதினெட்டுப் படி. மூணு வருஷம் ஆச்சு, புள்ளைகதான் எடுத்துட்டு வரும். இன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு, புள்ளைக டியூஷன் போயிருச்சு. நானே ஏறிட்டேன்."

அவ சத்தம் நல்லாக் கேக்கட்டும்னு தண்ணிக் குழாய மூடினேன்.

"எத்தனை எடத்துல நின்ன?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு எடத்துல."

"ஊதுனியா?"

"ஊதுனேன்க்கா. இங்கேர்ந்து பாத்தா கோயில் கோபுரம் தெரியுது. எங்க தெரு முழுசும் தெரியுது. ஏழாம் நம்பர் வீட்டுக்காரங்க மாடி கட்டியிருக்காங்க, எனக்குத் தெரியவே இல்ல."

மழை வருதுடி, எறங்குன்னேன். சரிக்கான்னா. ஆனா அவ ஃபோன வைக்கல. நானும் வைக்கல. அவ துணிய ஒண்ணொண்ணா எடுத்துத் தோள்ல போடுற சத்தம் கேட்டுச்சு. கிளிப்பு கழட்டுற சத்தம் கேட்டுச்சு. நடுவுல அவ மூச்சும் கேட்டுச்சு, இழுக்கறதும் விடுறதும். அரிசியக் கையில வச்சுக்கிட்டு அதையே கேட்டுக்கிட்டு நின்னேன். கடைசித் துணி எடுக்குற வரைக்கும்.